காந்தத்தின் இடது பக்கம்

மூணாறில் கேமரா இல்லாத ஆளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். காலை ஏழரை மணிக்கு நான் ஃபாக்டரிக்கு இறங்கும்போதே ரோட்டோரம் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். கல்யாணம் ஆகப்போகிற ஒருத்தி தரையைக் கூட்டுகிற வெள்ளைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தேயிலைக்குள் இறங்குவாள். அட்டை கடிக்கும் என்று அவளிடம் ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டார்கள். போட்டோக்காரன் "மிஸ்ட் வரட்டும், மிஸ்ட் வரட்டும்" என்று கத்திக்கொண்டிருப்பான், ஏதோ பனிமூட்டம் அவன் கூப்பிட்ட குரலுக்கு வரவேண்டும் என்கிற மாதிரி. கொழுந்து பறிக்கிறவர்களைப் பார்த்து "அக்கா, கொஞ்சம் சிரிங்க" என்பான். முதுகில் பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையில் நிற்கிறவளுக்குச் சிரிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் சிரித்துத் தொலைப்பாள். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் ஊருக்குப் போவார்கள்.

டவுனில் கடைக்குக் கடை தொங்குகிற ஃபிரிட்ஜ் காந்தங்களிலும் அதே சிரிப்புதான். சிவந்த கன்னம், தலை நிறைய மல்லிகை, இடுப்பில் ஒரு குட்டிக் கூடை. இருபத்தைந்து வருஷமாக எஸ்டேட்டில் இருக்கிறேன், கூடையை இடுப்பில் வைத்துக் கொழுந்து பறித்த பெண்ணை நான் பார்த்ததில்லை. அந்தக் காந்தத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் கறுப்பாக ஒரு வட்டம் ஒட்டியிருக்கும். நாலு காகிதத்தைச் சேர்த்து நடுவில் வைத்தால் வழுக்கி விழுந்துவிடும். நாங்கள் குடியிருக்கிற எஸ்டேட் லயத்து வரிசையில் பாதி வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது.

இவ்வளவு வாய் பேசுகிற எனக்கும் போட்டோ பைத்தியம் உண்டு. நான் மலையை எடுப்பதில்லை, பனியை எடுப்பதில்லை, சிரிப்பையும் எடுப்பதில்லை. நான் எடுப்பது காந்தம். காந்தமும், அதில் ஒட்டுகிற இரும்பும்.

ஃபாக்டரியில் தேயிலை சலிக்கிற அறையில் எனக்கு வேலை. காய்ந்த தூள் சல்லடைகளில் தரம் பிரிந்து சாக்குக்குள் விழுவதற்கு முன்னால், ஒரு சட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தில் வரிசையாகக் குழல்கள், குழல்களுக்குள் காந்தம். இலையை நறுக்குகிற உருளைகள் தேய்ந்து உதிர்கிற இரும்புத் தூள், எங்கிருந்தோ வந்து சேர்கிற ஆணி, கம்பித் துண்டு எல்லாம் அதில் பிடித்துக்கொள்ளும். ஷிஃப்ட் முடியும்போது சட்டத்தைக் கழற்றி, துணியால் துடைத்து, துடைத்ததை ஒரு பொட்டலத்தில் போட்டு ஆபீஸில் கொடுக்க வேண்டும். அந்த வேலை என்னுடையது. மக்கள் ஊதி ஊதிக் குடிக்கிற டீயில் இவ்வளவு இரும்பு கலந்திருக்குமா என்று முதல் நாள் நான் டீயைத் தொடவில்லை. அப்புறம் பழகிவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில், கூரையில் இருக்கிற கண்ணாடித் தகடு வழியாக வெயில் நேராக அந்தச் சட்டத்தின் மேல் விழுந்தது. குழலைச் சுற்றி இரும்புத் தூள் குத்திட்டு நின்றது. கம்பளிப்பூச்சி முதுகு மாதிரி. ஒவ்வொரு முள்ளுக்கும் தனித்தனியாக நிழல். புதிதாக வாங்கிய போன் கையில் இருந்தது, எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் ஜீப்பில் சுற்றுலாக்காரர்களை ஏற்றி இறக்குகிறவர், தினமும் ஆயிரம் போட்டோவுக்கு நடுவில் இருக்கிறவர்.

"இது என்னட்டி, பெருச்சாளியா?" என்றார்.

"காந்தம்."

"தூசியப் போட்டோ புடிச்சு யாருக்குட்டி காட்டப் போற?"

அன்றைக்கு அவரோடு பேசவில்லை. மறுநாள் இன்னும் இரண்டு படம் எடுத்தேன்.

அதிலும் தொழில்நுணுக்கம் உண்டு. போனைக் காந்தத்துக்கு மிகப் பக்கத்தில் கொண்டுபோனால் திரையில் படம் நடுங்கும். கேமராவுக்குள்ளேயே குட்டிக் காந்தம் ஒன்று இருக்கிறதாம், பெரியதைக் கண்டால் அது பயந்துபோகிறது. அதனால் இரண்டு முழம் தள்ளி நின்று ஜூம் செய்வேன். கோயில் திருவிழாவில் வெடித்துப்போன ஸ்பீக்கரை உடைத்து அதன் வட்டக் காந்தத்தை எடுத்து வைத்திருக்கிறேன். அதன்மேல் வெள்ளைக் காகிதம் விரித்து, ஆபீஸில் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட்ட பொட்டலத்து இரும்பைத் தூவி, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தூள் தானே வரி வரியாக நகர்ந்து நிற்கும். ஊக்கு, ஹேர்பின், சைக்கிள் குண்டு எல்லாவற்றையும் தொங்கவிட்டு எடுத்திருக்கிறேன். கடைக்காரர் முறைக்க முறைக்க ஃபிரிட்ஜ் காந்தங்களைத் திருப்பிப் போட்டு அவற்றின் முதுகை மட்டும் எடுத்திருக்கிறேன். என் போனில் மனிதர் முகம் என்று பார்த்தால் பத்துத் தேறாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்த நிலையில்தான் போட்டோ குழுவில் சேர்ந்தேன். டவுனுக்கு மேலே இருக்கிற ஒரு ரிசார்ட்டின் மேலாளர் நடத்துகிற வாட்ஸாப் குழு அது. அவர் பாலக்காட்டுப் பக்கம் மீனாட்சிபுரத்துக்காரர். ஊரில் பால் மாடு வைத்திருந்தவர், இங்கே வந்து கலை வளர்க்கிறார். காலையில் ஒரு பனி, மத்தியானம் ஒரு பூ, சாயங்காலம் ஒரு சூரியன் என்று குழுவில் படம் விழுந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கைதட்டல் பொம்மைகள். என் இரும்பைப் போட்டால் குழுவே கப்சிப்பென்று ஆகிவிடும். ஒருநாள் மேலாளரே போன் செய்தார்.

"ஏனுங்க அக்கா, தேயிலக் காட்டுக்குள்ள இருந்துட்டு இரும்பப் புடிச்சிட்டிருக்கறீங்க. அதச் சுத்தி ரெண்டு கொழுந்தாச்சும் வச்சு எடுக்கலாமுங்களே?"

"காந்தத்துல கொழுந்து ஒட்டாது சார்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு, ரிசார்ட்டில் ஒரு கண்காட்சி வைக்கப் போவதாகவும், என்னுடையது ஒன்றையும் மாட்ட ஆசை என்றும், ஆனால் அதில் "நம்ம மலையோட ஒரு உணர்வு" இருக்க வேண்டும் என்றும் சொன்னார். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். வந்தது. ஆனால் போனை வைத்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. பெரிய சுவர், அதில் என் படம். தலைகால் புரியாமல் திரிந்தேன். மற்றவர்களைக் கிண்டல் செய்கிறவளுக்கு உள்ளுக்குள் எவ்வளவு ஆசை கிடக்கிறது என்று யாரும் பார்க்காததால் பிழைத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபாக்டரியில் அன்றைக்கு எல்லா மெஷினையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைப்போம். ஸ்பேனர், சுத்தியல், கத்தி போன்ற கையில் எடுக்கிற சாமான்கள் சலிக்கிற அறைச் சுவரில் இருக்கிற சாமி பலகையில் ஏறிவிடும். மறு வேலை நாள் காலையில் சூடம் காட்டியபிறகு, வைத்தவர் கையாலேயே எடுக்க வேண்டும் என்பது முறை. ஒருத்தர் வைத்ததை இன்னொருத்தர் எடுக்கமாட்டார்கள். காந்தச் சட்டம் வருஷா வருஷம் அதன் இடத்திலேயே பொட்டு வாங்கிக்கொள்ளும், பலகைக்குப் போனதில்லை. இந்தத் தடவை நான் கழற்றிக் கொண்டுபோய் பலகையில் சாய்த்து வைத்தேன். குழலுக்குக் குழல் பொட்டு வைத்து, செவ்வந்தி மாலை போட்டேன். ஃபிட்டரின் ஸ்பேனர்கள் நாலு அதில் ஒட்டிக்கொண்டு தொங்கின. மலை உணர்வு கேட்டார் அல்லவா, இந்தா பிடி என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு மழை, வெளிச்சம் போதவில்லை. வேலை தொடங்குகிற அன்று காலை வெயிலில் எடுத்துக்கொண்டு, அப்புறம் சட்டத்தை மாட்டலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று காலை நான் எட்டு மணிக்குப் போனபோது சலிப்பு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபிட்டர் சூடம் காட்டி, தன் ஸ்பேனர்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். காந்தம் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கிற பெண் நின்றிருந்தாள். எனக்கு மகள் வயது. தற்காலிகமாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இந்த வருஷம் ஸ்திரமாக்குவார்கள் என்று பேச்சு. எஸ்டேட்டில் ஸ்திரம் என்றால் வெறும் வேலை இல்லை, வீடு. அவள் அம்மா மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார், அப்பா இல்லை. வீட்டில் ஒருத்தர் பேராவது ஸ்திரப் பட்டியலில் இல்லாவிட்டால் லயத்தைக் காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். எங்கே போவது? அவள் பிறந்ததே அந்த வீட்டில்தான்.

என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அக்கா, காந்தம் இன்னும் சாமிகிட்டதான் இருக்கு. மிசினப் போட்டுட்டுப் போய்ட்டாக."

"நீ எடுத்து மாட்டியிருக்கலாம்லா?"

"நாங்க வேதக்காரங்க. பூசையில வச்சத நான் எப்படிக்கா தொடுதது? வச்சவங்க எடுத்தாத்தான முறை. நீங்க தப்பா நினைப்பியளோன்னு இருந்துச்சு."

இதுதான் எங்கள் ஊர். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் வீட்டுக் கேக்கை முதலில் தின்பது நாங்கள், பூஜைப் பொரிக்கு முதலில் கை நீட்டுவது அவர்கள். ஆனால் அடுத்தவர் சாமி முன்னால் இருக்கிற பொருளை ஒருத்தரும் தொடமாட்டார்கள், மரியாதை. அந்த மரியாதையில் அரை மணி நேரமாகத் தேயிலை காந்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

நான் எடுத்து மாட்டியிருக்க வேண்டும். பத்தடி தூரம்தான். ஆனால் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடித் தகட்டில் வெயில் ஏறியது. மாலை, குங்குமம், தொங்குகிற ஸ்பேனர் எல்லாம் பளிச்சென்று எழுந்தன. "ஒரு நிமிசம் இரு, ஒரு போட்டோ" என்றேன். இந்த முறை பலகை முழுசும் விழ வேண்டும் என்று ஜூம் செய்யாமல் பின்னால் தள்ளி நின்று எடுத்தேன். கோணம் சரியில்லை, மறுபடி எடுத்தேன். மாலையை நகர்த்தி எடுத்தேன். அவள் இரண்டு தடவை "அக்கா" என்றாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது "மிசின நிறுத்தினா தீஞ்சா போயிரும்? இருட்டி, வாரேன்" என்று சிடுசிடுத்தேன். எனக்குத் தெரியும், மெஷினை நிறுத்த அவளுக்கு அதிகாரம் கிடையாது. எனக்கு உண்டு, நானும் நிறுத்தவில்லை. நான் சட்டத்தை மாட்டியபோது மணி ஒன்பதைத் தொட்டிருந்தது.

"அக்கா, இது வரைக்கும் நெறஞ்ச மூணு சாக்கையும் திருப்பிக் கொட்டிச் சலிச்சிருவமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் இருக்காது, தைச்சிரு" என்றேன்.

அவள் தைத்தாள். சாக்கு அட்டையில் தைத்தவர் கையெழுத்துப் போடுவது வழக்கம், போட்டாள்.

அன்று மத்தியானமே படத்தை ரிசார்ட் மேலாளருக்கு அனுப்பிவிட்டேன். அவர் உடனே கூப்பிட்டார். குரலில் அத்தனை சந்தோஷம்.

"அக்கா, இதுதானுங்க! இதத்தானுங்க கேட்டேன். ஒண்ணே ஒண்ணுங்க, இடது பக்கம் ஒருத்தங்க நிக்கறாங்க, கண்ணுக்கு இடைஞ்சலா இருக்குது. அதக் கட் பண்ணிரட்டுங்களா? கீழ தேதி, நேரம் விழுந்திருக்குது பாருங்க, அதும் போயிருமுங்க."

என் போன் படத்தின் மூலையில் தானாகவே தேதியும் மணியும் போட்டுவிடும், அதை நிறுத்த எனக்குத் தெரியாது. யார் நிற்கிறார்கள் என்று படத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "தாராளமா வெட்டுங்க சார்" என்றேன். உச்சி குளிர்ந்து போயிருந்தது.

இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் காலையில் டீமேக்கர் என்னையும் சலிக்கிற அறைப் பெண்ணையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். தூள் தயாராவது முழுக்க அவர் பொறுப்பு. கோட்டயத்துப் பக்கத்து மனிதர், தமிழ் பேசுவார். மேஜைமேல் ஒரு வெள்ளைக் காகிதம், அதில் நகத்தளவு ஒரு கம்பித் துண்டு. சரக்கு வாங்கினவர்கள் சாம்பிள் எடுத்துப் பார்த்த தூளில் இருந்ததாம். கூடவே சாக்கு எண்ணும் வந்திருந்தது. அன்றைக்குத் தைத்த மூன்றில் ஒன்று.

அவர் எழுந்துபோய் இரும்பு அலமாரியில் ஒற்றைத் தாள் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்த ஃபிரிட்ஜ் காந்தத்தைப் பிய்த்து எடுத்தார். காலண்டர் கீழே விழுந்தது. அந்தக் காந்தத்தை, சிவந்த கன்னமும் இடுப்புக் கூடையுமான அதே பெண் படம்தான், கம்பியின் மேல் கொண்டுவந்தார். கம்பி துள்ளி ஏறி ஒட்டிக்கொண்டது.

"கண்டோ? கடையில விக்கிற இந்தப் பொம்மைக் காந்தத்தில கூடப் பிடிக்குது. நம்ம காந்தத்தில எப்படிப் பிடிக்காமப் போச்சு? காந்தம் இல்லாம மெஷின் ஓடியிருக்கு. அட்டையில யாரு ஒப்பு?"

அவள் கையெழுத்துதான். அவர் அவளைப் பார்த்தார். நான் காலண்டரைப் பார்த்தேன்.

"காந்தம் பூசையில இருந்துச்சு சார். நான் எடுக்கல" என்றாள். உண்மை. அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் எத்தனை மணிக்கு வந்தேன், என்ன செய்துகொண்டிருந்தேன், திருப்பிச் சலிக்கலாம் என்று அவள் கேட்டபோது என்ன சொன்னேன், எதையும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் எனக்கும் கோபப்பட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும்.

"பூஜை கழிஞ்சா எடுத்து மாட்டணும். ரெண்டு நாளுக்குள்ள விசதீகரணம் எழுதிக் கொடு. ஸ்திரம் ஆக்கிற லிஸ்ட் இப்போ மேல போகாது" என்றார். விசதீகரணம் என்றால் நடந்ததை விளக்கி எழுதிக் கொடுப்பது. எழுதிக் கொடுத்தபின் பெரும்பாலும் ஆளையும் அனுப்பிவிடுவார்கள்.

நான் வாயைத் திறக்கவில்லை. ரோட்டில் போகிறவன் வருகிறவன் எல்லாரையும் நாக்கால் கிழிக்கிறவள், ஒரு அறைக்குள், மூன்று பேருக்கு நடுவில், ஊமையாக நின்றேன். வெளியே வந்ததும் அவளிடம் "கவலப்படாத, சரியாயிரும்" என்றேன். இதைச் சொல்ல எனக்கு எப்படி நாக்கு வந்ததோ. அவள் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. போகாமல் இருந்திருக்கலாம், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் ஜீப்பில் கொண்டுபோய் விட்டு, வெளியே காத்திருந்தார். ரிசார்ட் கூடத்தில் இருபது படம். பதினெட்டில் பனி. ஒன்றில் யானை. என்னுடையது நடுச் சுவரில், கதவு உயரத்துக்கு. குழலில் குங்குமம், மாலை, ஸ்பேனர். இடது பக்கம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. அடியில் 'பக்தி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எனக்கு இருந்த பக்தி எனக்குத்தானே தெரியும். சுற்றிலும் தேயிலைத் தோட்டம், கையில் கொடுத்ததோ நூல் கட்டின காகிதப் பை போட்ட டீ. மேலாளர் மைக் பிடித்து, இரும்பிலும் ஈரம் உண்டு என்று என்னவோ பேசினார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டீமேக்கரும் அழைப்பின்பேரில் வந்திருந்தார். என் படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது நம்ம காந்தமல்லே? நல்ல போட்டோ கேட்டோ. உனக்குள்ள இப்படி ஒரு ஆளு இருக்கிறது தெரியவே இல்லையே" என்றார்.

நாலு வருஷமாக யாராவது இதைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். சொன்னவர் இவர், சொன்ன இடம் இது. கையிலிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஜீப்பில் உட்கார்ந்து போனில் முழுப் படத்தைத் திறந்தேன். இரண்டு வாரத்தில் நூறு தடவை பார்த்த படம், எப்போதும் வலது பக்கத்தைப் பெரிதாக்கித்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் விரலை இடது பக்கம் நகர்த்தினேன். பின்னால் சலிப்பு மெஷின். காந்தம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இடைவெளி, அதன் வழியாகத் தேயிலை கறுப்பாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் அவள். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கைகளின் மேல் வெள்ளைத் துணி விரித்திருக்கிறது. நான் சாமியிடமிருந்து எடுத்துக் கொடுத்தால், வெறும் கையால் தொடாமல் துணியில் வாங்கி மாட்டிவிடலாம் என்று அப்படி நிற்கிறாள். மூலையில் மணி எட்டு நாற்பது.

இரும்புத் தூளில் எத்தனை முள் நிற்கிறது என்று என்னால் சொல்ல முடியும். இந்தப் பெண் நீட்டிய கை என் கண்ணில் படவில்லை. பனியைப் பிடிக்கிறவன், கவுனைத் தூக்குகிறவள் யாரும் எனக்குக் கீழே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவர்கள் சிரிக்கச் சொல்லியாவது ஆளைப் பார்க்கிறார்கள்.

மறுநாள் காலை டீமேக்கர் அறைக்குப் போய் போனை மேஜையில் வைத்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். பெரிதாக்கி மணியைப் பார்த்தார். பிறகு போனை என் பக்கம் தள்ளினார்.

"இத டெலீட் பண்ணிக்கோ."

"சார்?"

"நீ ஸ்திரம் ஆளு. உன் பேரில எழுதினா பெரிய பராதி ஆகும், புகார் மேல வரைக்கும் போகும், நானும் பதில் சொல்லணும். அவ டெம்பரரி. இங்கேயே முடிஞ்சுபோகும். மனசிலாயோ?"

நன்றாகவே மனசிலாயிற்று. அவர் எனக்கு நல்லதுதான் செய்கிறார். ஒரு விரல் அழுத்தினால் நானும் பிழைத்தேன், அவரும் பிழைத்தார். இது அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. போனை எடுத்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு, டவுனுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார். என்னைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "அக்கா, லெஃப்ட்ல நிக்கிற ஆளத் தூக்கிரட்டா? ஒரு தட்டுல போயிரும், யாருக்கும் தெரியாது" என்றார்.

"அந்தப் புள்ளைய மட்டும் விட்டுட்டு வேற எத வேணும்னாலும் அழிச்சுக்கோங்க" என்றேன்.

அவர் ஒருமாதிரியாகப் பார்த்தார். எதையும் அழிக்காமல், மூலையில் இருக்கிற மணியோடு, தாள் முழுசுக்கும் போட்டுத் தரச் சொன்னேன். பின்பக்கத்தில் என் கையாலேயே எழுதினேன். காந்தத்தைப் பூஜைப் பலகையில் வைத்தது நான். எடுக்காமல் விட்டது நான். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது நான். சாக்கைத் திருப்பிச் சலிக்க வேண்டாம் என்று சொன்னதும் நான். இடது பக்கம் துணியோடு நிற்கிறவள் காந்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். அடியில் கையெழுத்துப் போட்டு, நேராக எஸ்டேட் மேனேஜர் பங்களாவுக்குப் போய் துரையின் கையில் கொடுத்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்த்து "குட் போட்டோ" என்றார். "பின்னால பாருங்க சார்" என்றேன்.

எனக்கு மெமோ வந்தது. சலிக்கிற அறையிலிருந்து எடுத்து, பச்சை இலையை உலர்த்துகிற மேல்மாடிக்குப் போட்டார்கள். அங்கே காந்தம் கிடையாது. டீமேக்கர் இப்போது என்னைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போகிறார். குழுவிலிருந்து நானே விலகிவிட்டேன். ரிசார்ட் சுவரில் 'பக்தி' இன்னும் தொங்குகிறதாம், வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறார்களாம். என் வீட்டுக்காரர் அதைச் சொன்னபோது, எடுத்துத் தொலையட்டும் என்றேன்.

அந்தப் பெண் ஸ்திரமாவது இரண்டு மாதம் பிந்தியது. அந்த இரண்டு மாதமும் அவள் அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டியே வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். உத்தரவு வந்த அன்றைக்குத்தான் சாக்கை அவிழ்த்தார்களாம். லயத்தில் எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது, பக்கத்து வீட்டுக் குழந்தை கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

போன வாரம் பழைய அலமாரியிலிருந்து என் சாமானை எடுக்கச் சலிக்கிற அறைக்கு இறங்கினேன். ஷிஃப்ட் முடிகிற நேரம். கூரைத் தகட்டில் சாய்வெயில். அவள் காந்தச் சட்டத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். குழல் முழுக்க இரும்பு குத்திட்டு, முள் முள்ளாக, நான் பார்த்ததிலேயே நல்ல அடர்த்தி. என் கை தன்னாலே இடுப்பில் செருகியிருந்த போனுக்குப் போனது. அவள் அதைப் பார்த்தாள். துணியை எடுத்து, முனையிலிருந்து முனைவரை, ஒவ்வொரு குழலாக அழுத்தித் துடைத்தாள். துடைத்ததைப் பொட்டலத்தில் போட்டு மடித்தாள். சட்டத்தைத் தூக்கி அதன் இடத்தில் மாட்டி, இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் வழியை விட்டு ஒதுங்கி நின்றாள்.

"மாட்டிட்டேன்க்கா. இப்ப எடுத்துக்கோங்க" என்றாள்.